கோடையில் வீட்டு டேகேர்: சாப்பாடு, விளையாட்டு, வெளியே போவது – புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

ஏப்ரல் பிறந்தால் எங்கள் வாசலில் செருப்புகள் கூடிவிடும். மற்ற மாதங்களில் ஆறு ஜோடி, ஏப்ரல் மேயில் பத்து. பள்ளிக்கூடம் விட்டதும், என்னிடம் வருகிற சின்னதுகளின் அண்ணன் அக்காமாரும் கூடவே வந்துவிடுவார்கள். பிள்ளைகளுக்குத்தான் லீவு, வேலைக்குப் போகிற அப்பா அம்மாவுக்கு ஏது லீவு? திருச்சி உறையூரில் ஒன்பது வருஷமாக வீட்டிலேயே டேகேர் நடத்துகிறேன். நடக்கப் பழகுகிற குழந்தையும் நான்காம் வகுப்புப் பையனும் ஒரே கூடத்தில் இருக்கிற இந்த இரண்டு மாதத்தைப் பற்றித்தான் புதிதாகத் தொடங்குகிறவர்கள் அதிகம் கேட்கிறார்கள். என்ன சமைப்பது, எங்கே கூட்டிப்போவது, மத்தியானம் முழுக்க என்ன விளையாட வைப்பது என்று.

எனக்கு இது பிடிபட இரண்டு கோடை ஆனது. முதலில் வெயிலைப் பாருங்கள், மற்றதை அப்புறம் முடிவு செய்யுங்கள். சமையலுக்கும் தூக்கத்துக்கும் ஆட்டத்துக்கும் நேரம் குறிக்கிறது கடிகாரம் இல்லை, வெயில்தான்.

முதல் வேலை: நாளைப் பிரிப்பது

கத்திரி வெயில் மே 4 வாக்கில் தொடங்கி 28 வாக்கில் முடியும். திருச்சியில் அதற்கு முன்பே, ஏப்ரல் நடுவிலேயே நூறு டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டிவிடும். அதனால் ஏப்ரல் முதல் தேதியிலிருந்தே கோடைக் கணக்கு ஆரம்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள். என் வீட்டில் நாள் இப்படிப் போகிறது.

காலை 8 மணிக்குப் பிள்ளைகள் வரத் தொடங்குவார்கள். ஒன்பதரை வரை வாசல், மண், தண்ணீர். ஒன்பதரைக்குக் கை கால் கழுவி உள்ளே வந்துவிட வேண்டும். பத்து மணிக்குக் கூழோ மோரோ. பதினொன்றரைக்குச் சாப்பாடு. பன்னிரண்டரையிலிருந்து மூன்று வரை தூக்கம். மூன்றரைக்குப் பழம். ஐந்தே கால் வரை வீட்டுக்குள் விளையாட்டு. ஐந்தே காலுக்கு மேல் மறுபடி வெளியே. ஆறரைக்குள் எல்லாரையும் கூப்பிட்டுப்போக ஆள் வந்துவிடும்.

சாப்பாடு பதினொன்றரைக்கா என்று பெற்றோர் கேட்பார்கள். வெயில் உச்சிக்கு வந்தால் குழந்தைக்குப் பசி மங்கிவிடும். ஒரு மணிக்குத் தட்டு வைத்தால் நாலு வாய்க்கு மேல் இறங்காது. பதினொன்றரைக்கு அதே குழந்தை இரண்டாம் தடவை கேட்டு வாங்கும். செய்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

சாயங்காலம் ஐந்தே கால் என்பதையும் காரணத்தோடுதான் சொல்கிறேன். முதல் கோடையில் நாலு மணிக்கே ஐந்து பிள்ளைகளைப் பக்கத்துப் பூங்காவுக்குக் கூட்டிப்போனேன். வெயில் சாய்ந்துவிட்டது, காற்றும் வந்தது. மூன்று வயதுப் பெண் ஓடிப்போய்ச் சறுக்குமரத்தில் உட்கார்ந்தது. தகரச் சறுக்கு. மத்தியானம் முழுக்கக் காய்ந்த தகரம் நாலு மணிக்கு ஆறியிருக்குமா? தொடையின் பின்பக்கம் இரண்டு பட்டையாகச் சிவந்துவிட்டது. குழாய்த் தண்ணீரை இருபது நிமிஷம் விட்டுக்கொண்டே இருந்தேன், கொப்புளம் வரவில்லை. அந்த அம்மாவிடம் நானே போன் போட்டுச் சொன்னேன். அன்றிலிருந்து சறுக்கு, ஊஞ்சல் சங்கிலி, சிமெண்ட் பெஞ்சு எதுவானாலும் என் புறங்கையை ஐந்து விநாடி வைத்துப் பார்த்த பிறகுதான் பிள்ளைகளை விடுகிறேன். உங்கள் வாசல் சிமெண்டுத் தரையையும் அப்படியே பாருங்கள். பெரியவர்கள் செருப்புப் போட்டு நடக்கிறோம், சூடு நமக்குத் தெரியாது.

தண்ணீர்: கேட்டுக் கொடுப்பதல்ல

விளையாட்டு மும்முரத்தில் எந்தக் குழந்தையும் தாகம் என்று வந்து நிற்காது. மணிக்கு ஒரு தடவை நாமே கூப்பிட வேண்டும். எங்கள் வீட்டில் பூஜை மணியை அடித்தால் தண்ணீர் நேரம். எல்லாரும் சுவரோரம் உட்கார்ந்து அவரவர் டம்ளரில் குடிப்பார்கள். டம்ளரின் கழுத்தில் ஆளுக்கொரு நிறத்தில் நூல் சுற்றியிருக்கும். எழுத்துத் தெரியாத குழந்தைக்கும் ‘என் பச்சை’ என்று தெரியும், எச்சில் டம்ளர் மாறாது.

ஒன்றிலிருந்து மூன்று வயது வரை பாலும் தண்ணீரும் சேர்த்து நாளுக்குச் சுமார் ஒரு லிட்டர், நாலு வயதுக்கு மேல் ஒன்றேகால் லிட்டர் என்பது சாதாரண நாளின் கணக்கு. வேர்த்து விளையாடினால் கூடவே வேண்டும். ஆறு மாதம் முடியாத குழந்தைக்கு மட்டும் கோடையிலும் தண்ணீர் கொடுக்காதீர்கள், தாய்ப்பால் போதும். கறந்த தாய்ப்பாலை 25 டிகிரி செல்சியஸ் சூட்டில் நாலு மணி நேரம் வெளியே வைக்கலாம் என்பார்கள். மே மாதத்தில் நம் வீட்டுக்குள்ளேயே முப்பத்தைந்து இருக்கும். அதனால் அம்மா கையிலிருந்து வாங்கியதும் நேராக ஃபிரிட்ஜுக்குள் போக வேண்டும்.

குடிக்கிற தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவைத்து மண்பானையில் ஊற்றுகிறேன். பானைக்கடியில் ஈர மணல், மேலே ஈரத்துணி. பானையை இரண்டு நாளைக்கு ஒரு முறை கழுவிக் காயவையுங்கள், பாசி பிடித்த பானை குளிர்ந்து என்ன பயன்? வெட்டிவேர் போடுவதானால் நாலைந்து தண்ணீர் மாற்றி அலசி, வெந்நீரில் முக்கி எடுத்துப் போடுங்கள். வேரோடு மண் ஒட்டியிருக்கும்.

போதுமான அளவு குடித்ததா என்பதைச் சிறுநீரை வைத்தே சொல்லிவிடலாம். வெளிர் நிறமாகப் போனால் சரி. அடர் மஞ்சளானாலோ, நாலு மணி நேரம் ஆகியும் போகவில்லையென்றாலோ அந்தக் குழந்தையை மடியில் வைத்து வாய் வாயாகக் குடிக்கவைக்க வேண்டும்.

சாப்பாடு

கோடைக்கென்று தனிச் சமையல் எதுவும் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை. நம் பாட்டிகள் சித்திரை வைகாசியில் சமைத்ததையே சமைத்தால் போதும். காரத்தையும் எண்ணெயையும் குறைத்து, நீர்க்காயைக் கூட்டுங்கள். சுரைக்காய், பீர்க்கங்காய், புடலங்காய், வெண்பூசணி, வெள்ளரி எல்லாம் இந்த மாதங்களில் மலிவு. பத்துப் பிள்ளைகளுக்கு மூன்று ஆழாக்கு அரிசி எனக்குச் சரியாக இருக்கிறது.

சேர்க்கும்போதே ஒவ்வொரு வீட்டிலும் கேட்டு எழுதிவைக்க வேண்டியவை: முட்டை, பால், வேர்க்கடலை ஒத்துக்கொள்கிறதா, அசைவம் உண்டா, வீட்டில் எதைச் சேர்ப்பதில்லை. இந்தத் தாளைச் சமையல்கட்டுச் சுவரில் ஒட்டிவிடுங்கள். உதவிக்கு வருகிற அக்காவும் பார்க்க வேண்டும்.

பத்து மணிக்குக் கேழ்வரகுக் கூழ். முந்தின நாள் சாயங்காலம் ஒரு தம்ளர் மாவை இரண்டு தம்ளர் தண்ணீரில் கரைத்து மூடிவைப்பேன். காலையில் கொஞ்சம் புளித்த வாசம் வரும். கைப்பிடி நொய்யை நன்றாகக் குழைய வேகவிட்டு, கரைத்த மாவை ஊற்றிக் கட்டி தட்டாமல் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். எப்போது இறக்குவது? விரலைத் தண்ணீரில் நனைத்துத் தொட்டால் மாவு ஒட்டக் கூடாது, மேலே பளபளவென்று இருக்க வேண்டும். அதுதான் பதம். ஆறியதும் மோர் விட்டுக் கரைத்து, சின்ன வெங்காயத்தைப் பொடியாக நறுக்கிப் போட்டால் டம்ளரில் குடிக்கலாம். 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. பால் குடிக்க அடம்பிடிக்கிற பிள்ளைகளின் அம்மாக்களிடம் இதைச் சொல்லுங்கள், கொஞ்சம் நிம்மதியாக இருப்பார்கள். முதல் மூன்று நாள் முகத்தைச் சுளிக்கிற பிள்ளைகள் உண்டு. கட்டாயப்படுத்த வேண்டாம். பக்கத்திலிருக்கிற பெரிய பையன் குடித்து மீசை வைத்துக்கொள்வதைப் பார்த்து நாலாம் நாள் தானே கேட்கும்.

கூழ் இல்லாத நாளில் நீர்மோர். அரை லிட்டர் தயிருக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், உப்பு, தட்டிய இஞ்சியின் சாறு, கறிவேப்பிலை, கொத்தமல்லி. பச்சைமிளகாய் வேண்டாம். சின்னதுகளுக்கு வடிகட்டிக் கொடுங்கள்.

மத்தியானச் சாப்பாட்டைக் கிழமைக்கு ஒன்றாக வைத்துவிட்டால் காலையில் யோசனை இல்லை. திங்கள் பருப்புச் சாதமும் நெய்யும் பீன்ஸ் பொரியலும். செவ்வாய் முருங்கைக்கீரையோ சிறுகீரையோ போட்ட கூட்டு. புதன் ரசஞ்சாதம், அவித்த முட்டை. வியாழன் வெண்பூசணி மோர்க்குழம்பு. வெள்ளி சாம்பார் சாதம், சுரைக்காய்க் கூட்டு. எந்தக் கிழமையானாலும் கடைசியில் ஒரு கரண்டி தயிர்சாதம் உண்டு. குழம்பு கொதிக்கும்போது, மிளகாய்த்தூள் போடுமுன் சின்னதுகளுக்கு ஒரு கிண்ணம் தனியே எடுத்துவிடுவேன். ஒரு வயது ஆகாத குழந்தைக்கு உப்பு, சர்க்கரை, வெல்லம் எதுவும் சேர்ப்பதில்லை. தேன் துளிகூடக் கூடாது, நாக்கில் தொட்டுவைக்கிற வழக்கமும் வேண்டாம். அந்த வயதுக் குடலில் தேனிலிருக்கும் ஒரு கிருமி நஞ்சாகிவிடும்.

சமைத்ததை வெளியே எவ்வளவு நேரம் வைக்கலாம்? மற்ற நாளில் இரண்டு மணி நேரம் என்றால், முப்பத்திரண்டு டிகிரிக்கு மேல் போகிற நாளில் ஒரு மணி நேரம்தான். பத்தரைக்கு இறக்கி பதினொன்றரைக்குப் பரிமாறுகிற மாதிரி சமையுங்கள். மிச்சம் இருந்தால் அது பெரியவர்களுக்கு, பிள்ளைகளுக்குச் சாயங்காலம் சூடுபண்ணிக் கொடுப்பது கிடையாது. இட்லி மாவும் சீக்கிரம் பொங்கும். ஐஸ் தண்ணீர் விட்டு அரைத்து, உப்பைப் பிறகு போட்டால் மறுநாள் வரை தாங்கும்.

வாய்க்குள் போகிற எதையும் அதன் அளவைப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். கோடைப் பழங்களில் பாதி வழுக்கும், பாதி உருண்டை. திராட்சையை நீளவாக்கில் நாலாக வெட்டுங்கள். தர்பூசணியில் விதையை எடுத்துவிடுங்கள், வெட்டிவைத்து விற்கிற துண்டு வேண்டாம், முழுப் பழமாக வாங்குங்கள். முழு வேர்க்கடலை, பாப்கார்ன், பச்சைக் கேரட் துண்டு இவையெல்லாம் நாலு வயதுக்குள் இருப்பவர்களுக்குக் கிடையாது. மாம்பழத்தை ஒரு மணி நேரமாவது தண்ணீரில் போட்டுவைத்து, காம்புப் பக்கம் கொஞ்சம் தள்ளி வெட்டுங்கள். காம்புப் பால் பட்டால் உதட்டோரம் பொரிந்துவிடும். ஸ்ரீரங்கத்துப் பக்கத்து இமாம்பசந்த் வருகிற மே கடைசியில் எங்கள் வீட்டில் மூன்றரை மணிக்கு யாரையும் எழுப்ப வேண்டியதில்லை, வாசனையே எழுப்பிவிடும்.

அப்புறம் நுங்கு. இதை மட்டும் சீவிய சுளையாக வாங்காமல், காயாக வாங்கி வாசலில் வைத்து வெட்டித்தரச் சொல்லுங்கள். பிள்ளைகள் சுற்றி நின்று பார்க்கட்டும். ஒரு காய்க்குள் மூன்று கண். பெரிய பிள்ளைகள் கட்டைவிரலை உள்ளே விட்டு நெம்பினால் தண்ணீர் பீறிட்டு முகத்தில் அடிக்கும், அந்தச் சிரிப்புக்காகவே வாங்கலாம். சின்னதுகளுக்கு அப்படிக் கொடுக்கக் கூடாது. நுங்கு வழுக்கித் தொண்டையில் போய் நிற்கும். மேல் தோலை உரித்து, கையால் நன்றாக மசித்து, ஸ்பூனில் கொடுங்கள். சுளை எடுத்த பின் மிஞ்சுகிற காயை, அதைக் கூந்தல் என்போம், தூக்கிப் போடாதீர்கள், அதற்கு வேலை இருக்கிறது.

விளையாட்டு

இரண்டு நுங்குக் கூந்தல், நடுவில் ஒரு சாண் குச்சி, தள்ளுவதற்குக் கவட்டைக் கம்பு. நுங்கு வண்டி தயார். ஓட்டை போடுவதை நாம் செய்துகொடுத்தால் கோர்ப்பதை ஏழெட்டு வயதுப் பிள்ளைகளே செய்வார்கள். கடையில் வாங்கிய காரை ஓரமாக வைத்துவிட்டு இதற்கு வரிசையில் நிற்பார்கள். இரண்டு நாளில் காய்ந்து சுருங்கிவிடும். அதற்குள் அடுத்த நுங்கு வந்துவிடும்.

காலை விளையாட்டில் தண்ணீருக்குத்தான் முதலிடம். அகலமான பேசினில் நாலு விரல்கடை தண்ணீர், டம்ளர், வடிகட்டி, பழைய ஷாம்பு பாட்டில், தேங்காய்ச் சிரட்டை. இவ்வளவு போதும், இருபது நிமிஷம் சத்தமே வராது. ஆனால் நீங்கள் அந்த இருபது நிமிஷமும் அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும். போன் வந்தால் எடுக்காதீர்கள். நடக்கப் பழகுகிற குழந்தை பக்கெட்டுக்குள் தலைகீழாகக் கவிழ்ந்தால் தானாக எழ முடியாது. இரண்டு அங்குலத் தண்ணீர் போதும், கத்தவும் கத்தாது. விளையாட்டு முடிந்த அந்த நிமிஷமே தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டுப் பாத்திரத்தைக் கவிழ்த்துவிடுங்கள். குளியலறை பக்கெட்டும் அப்படியே.

தண்ணீர் வைத்து இன்னொரு விளையாட்டு. ஆளுக்கு ஒரு பழைய பெயிண்ட் பிரஷ், ஒரு கிண்ணம் தண்ணீர். வாசல் சுவரில் என்ன வேண்டுமானாலும் வரையலாம். ஒரு கோடை முழுக்க இரண்டரை வயதுப் பையன் ஒருவன் யானை வரைந்துகொண்டே இருந்தான். தும்பிக்கையை முடிப்பதற்குள் வெயிலில் கால் காய்ந்து மறைந்துவிடும். முதல் நாள் அழுதான். அடுத்த நாள், ‘யானை தண்ணி குடிக்கப் போயிருச்சு’ என்று எனக்குச் சொல்லிவிட்டு மறுபடி கால் வரைந்தான். சாமான் செலவு இல்லை, சுவரும் பாழாவதில்லை.

பெரிய பிள்ளைகளைச் சும்மா விட்டால் பதினொரு மணிக்கே ‘போர் அடிக்குது ஆன்ட்டி’ என்று வந்து நிற்பார்கள். அவர்களுக்கு உண்மையான வேலை கொடுங்கள். முருங்கைக்கீரை ஆய்வது, மொச்சை உரிப்பது, தட்டு எடுத்துவைப்பது. வாரத்தில் ஒரு நாள் ஜவ்வரிசி வடாம் போடுகிறோம். மாடியில் இல்லை, கைப்பிடிச் சுவர் எவ்வளவு உயரமானாலும் பத்துப் பிள்ளைகளோடு மாடிக்கு நான் போவதில்லை. வாசலில் கயிற்றுக் கட்டிலில் பழைய வேட்டியை விரித்து, ஆறிய கூழை ஸ்பூனால் வட்டமாக விட வேண்டும். வட்டம் போடுகிறவர்கள் பாதியும், கூழை நக்குகிறவர்கள் பாதியுமாக முடியும். காக்காய் விரட்ட முறை போட்டு நிழலில் உட்காருவார்கள். ஆனால் ஒன்று, தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்கிற பொறுப்பை மட்டும் அவர்களிடம் கொடுக்காதீர்கள். எட்டு வயதுக் குழந்தையும் உங்களிடம் காசு கட்டி வருகிற குழந்தைதான்.

மத்தியானத் தூக்கத்துக்கு முன்னும் பின்னும் வீட்டுக்குள் ஆடுகிற ஆட்டங்கள். பல்லாங்குழியில் பதினாலு குழி, குழிக்கு ஐந்து புளியங்கொட்டை போட்டால் எழுபது. எண்ணிக் கூட்டுவது தானாக வந்துவிடும். தாயம், பரமபதம், ஐந்து கல், தரையில் சாக்பீஸால் கட்டம் போட்டுப் பாண்டி. புளியங்கொட்டையும் சோழியும் தாயக்கட்டையும் தவழுகிற குழந்தை கைக்கு எட்டக் கூடாது. அதனால் இவற்றை வைத்து ஆடுகிற ஆட்டங்களுக்கு எங்கள் வீட்டில் கட்டில்தான் இடம், தரையில் கிடையாது. ஆட்டம் முடிந்ததும் கொட்டையை எண்ணி டப்பாவில் போடுவதும் ஆட்டத்தில் சேர்த்தி. அறுபத்தொன்பது இருந்தால் எழுபதாவது கிடைக்கும்வரை யாரும் எழுந்திருக்க முடியாது. சின்னதுகளுக்கு எவர்சில்வர் டப்பாவும் மூடியும், சப்பாத்தி மாவும், சேலையைக் கட்டில் மேல் போட்டுக் கட்டிய கூடாரமும் போதும். டிவியும் போனும் என் வீட்டில் பிள்ளைகள் இருக்கும்வரை கிடையாது. இதைச் சேர்க்கும்போதே சொல்லிவிடுகிறேன்.

தூக்கத்தைப் பற்றிக் கொஞ்சம். பருத்தி விரிப்பு, கை இல்லாத பருத்திச் சட்டை, காற்று நேராக முகத்தில் அடிக்காத மின்விசிறி. பவுடரைக் கொட்டாதீர்கள், வியர்க்குருவை அது அடைக்கத்தான் செய்யும், தூள் மூச்சிலும் ஏறும். ஈரத்துணியால் துடைத்து உலரவிட்டாலே அடங்கும். கரண்ட் போனால் என்ன செய்வீர்கள் என்பதை ஏப்ரலுக்கு முன்பே யோசித்துவையுங்கள். இன்வெர்ட்டர் உண்டு என்றாலும் நாலு பனையோலை விசிறி வாங்கி வைத்திருக்கிறேன். ஏர் கூலர் இருந்தால் வாரம் ஒரு முறை தண்ணீரை முழுக்கக் கொட்டித் தேய்த்துக் காயவையுங்கள், டெங்குக் கொசு அதில்தான் வளரும்.

வெளியே போவது

ஐந்து வயதுக்குள் இருக்கிற பிள்ளைகளுக்கு மூன்று தெரு தாண்டினாலே வெளியூர் போன மாதிரிதான். நான் அதிகம் கூட்டிப்போவது எங்கள் தெருக் கோடி வரைதான். இஸ்திரி வண்டிக்காரர் கரிப்பெட்டியில் ஊதுவதைப் பத்து நிமிஷம் எட்ட நின்று பார்ப்பார்கள். பக்கத்து வீட்டு ஆட்டுக்குட்டிக்கு இலை கொடுப்பார்கள். உறையூரில் இன்னும் தறிச் சத்தம் கேட்கிற வீடுகள் இருக்கின்றன, அந்தச் சத்தத்துக்கு நடையை மாற்றிக்கொண்டு நடப்பார்கள். சாயங்காலம் ஐந்தே காலுக்குக் கிளம்பினால் ஆறுக்குத் திரும்பிவிடலாம். புதிதாகத் தொடங்குகிறவர்கள் முதல் கோடையில் இதற்கு மேல் ஆசைப்படாமல் இருப்பது நல்லது.

கிளம்புமுன் செய்வது:

1. இரண்டு பெரியவர்கள் இல்லாமல் வாசல் தாண்டுவதில்லை. ஆறு பிள்ளைகளுக்கு இரண்டு பேர். நடக்காத குழந்தை இருந்தால் அதற்கு இன்னொருவர்.
2. பழைய நூல் சேலையை முறுக்கி, முழத்துக்கு ஒரு முடிச்சுப் போட்டுக்கொள்ளுங்கள். ஆளுக்கொரு முடிச்சு. முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர். இதற்கு எங்கள் வீட்டில் ரயில் என்று பெயர், முடிச்சை விட்டவர் பெட்டி கழன்றுவிட்டது என்று அர்த்தம்.
3. மணிக்கட்டில் பால்பாயிண்ட் பேனாவால் என் போன் நம்பர். சட்டையில் பெயர் எழுதி ஒட்டுவதில்லை. முன்பின் தெரியாதவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் குழந்தை போய்விடும்.
4. பை: தண்ணீர், ஈரத் துண்டு, ஆளுக்கொரு தொப்பி, மாற்று உடை இரண்டு, ஓஆர்எஸ் பாக்கெட்.
5. எண்ணுவது. கிளம்பும்போது, திருப்பத்தில், போய்ச் சேர்ந்ததும், திரும்பும்போது. மனதுக்குள் எண்ணாதீர்கள். சத்தமாக, ஒவ்வொரு தலையையும் தொட்டு.

மாதத்துக்கு ஒரு முறை கொஞ்சம் தூரம் போகலாம், நாலு வயதுக்கு மேற்பட்டவர்களை மட்டும், பெற்றோர் எழுத்தில் சரி சொன்ன பிறகு. ஸ்ரீரங்கத்தில் மேலூர்ப் பக்கம், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் சுமார் 25 ஏக்கரில் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா இருக்கிறது, 2015இல் திறந்தது. மரநிழல் உண்டு, ஆனால் நடை அதிகம், காலையில் திறந்ததும் போய் வெயில் ஏறுமுன் வந்துவிட வேண்டும். 2014இல் திறந்த ரயில்வே அருங்காட்சியகம் வெயில் நேரத்துக்கு நல்லது. வெளியே நிற்கிற பழைய நீராவி எஞ்சினைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விடலாம். முக்கொம்பு பதினெட்டுக் கிலோமீட்டர், அது பெற்றோர் கூட்டிப்போக வேண்டிய இடம். எங்கே போவதானாலும் திறக்கிற நேரத்தையும் விடுமுறை நாளையும் முந்தின நாளே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆற்றுக்கு நான் கூட்டிப்போவதில்லை. மேட்டூரில் ஜூன் 12இல் தண்ணீர் திறப்பது வழக்கம். அதற்கு முன் காவிரி வெறும் மணலாகத் தெரியும், அங்கங்கே முழங்கால் தண்ணீர் இருக்கும். மணல் அள்ளிய பள்ளம் எங்கே இருக்கிறது என்று கரையில் நின்று சொல்ல யாராலும் முடியாது. அடுத்த வீட்டுப் பிள்ளை விஷயத்தில் அந்தத் துணிச்சல் எனக்கு வேண்டாம்.

கட்டுச்சாதம் கொண்டுபோவதானால் தயிர்சாதத்தைப் பாலில் பிசையுங்கள். குழைந்த சாதத்தில் காய்ச்சி ஆறிய பாலை விட்டு, ஒரே ஒரு ஸ்பூன் தயிர். சாப்பிடும்போது புளிக்காமல் இருக்கும். ஆட்டோவோ காரோ, இறங்கியதும் பின் சீட்டைத் திரும்பிப் பாருங்கள். பூட்டிய வண்டிக்குள் பத்து நிமிஷம்கூடக் குழந்தை இருக்கக் கூடாது, கண்ணாடியை இறக்கி வைத்தாலும்.

உடம்புக்கு வந்தால்

வயிற்றுப்போக்குக்கும் வாந்திக்கும் ஓஆர்எஸ். ஒரு லிட்டருக்கான முழுப் பாக்கெட்டையும் ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து, இருபத்து நாலு மணி நேரத்துக்கு மேல் வைக்காமல் கொட்டிவிட வேண்டும். பாதிப் பாக்கெட், பாதித் தண்ணீர் என்று கண்ணளவில் கரைக்காதீர்கள். மருந்துக்கடையில் டப்பாவில் விற்கிற இனிப்பு பானங்கள் ஓஆர்எஸ் ஆகாது. உலக சுகாதார நிறுவனத்தின் அளவு இல்லாத பானங்களில் அந்தப் பெயரைப் போடக் கூடாது என்று 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவே போட்டது. பாக்கெட் கைவசம் இல்லாத அவசரத்துக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு.

அழுதால் கண்ணீர் வராதது, கண் உள்ளே போனது, துவண்டு தோளில் சாய்வது, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை என்றால் காத்திருக்காதீர்கள், டாக்டரிடம் போங்கள். உடம்பு நெருப்பாகக் கொதித்து, கூப்பிட்டால் சரியாகப் பார்க்கவில்லை என்றால் அது வெப்பத் தாக்கு. சட்டையைக் கழற்றி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108க்குக் கூப்பிடுங்கள். நினைவு சரியில்லாத குழந்தைக்கு வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

கோடையில் சின்னம்மை வரும். கொப்புளம் எல்லாம் காய்ந்து பொருக்குத் தட்டும்வரை அந்தக் குழந்தை வீட்டில்தான் இருக்க வேண்டும். மற்ற பெற்றோருக்கு அன்றே சொல்லிவிடுங்கள், யார் குழந்தை என்று பெயர் வேண்டாம். தொற்றியிருந்தால் வெளியே தெரியப் பத்து நாளிலிருந்து இருபத்தொரு நாள் ஆகும். வீட்டில் கர்ப்பிணி இருக்கிறவர்களுக்கு இந்தச் செய்தி உடனே தெரிய வேண்டும். தலைக்குத் தண்ணீர் ஊற்றுவது, வேப்பிலை கட்டுவது அவரவர் வீட்டு வழக்கம், அதில் தலையிடாதீர்கள். டாக்டரைப் பார்த்தார்களா என்று மட்டும் கேளுங்கள்.

ஆறரை மணி

குழந்தையைக் கையில் கொடுக்கும்போது வாசலில் நின்று சொல்ல வேண்டியது நாலே விஷயம். எவ்வளவு சாப்பிட்டது, எவ்வளவு நேரம் தூங்கியது, எத்தனை தடவை சிறுநீர் போனது, எங்காவது விழுந்ததா. ஒரு நாற்பது பக்க நோட்டில் ஆளுக்கொரு பக்கம் போட்டு அன்றைக்கன்றைக்கே எழுதிவிடுவேன். ராத்திரி குழந்தைக்கு வயிற்றுவலி என்று அம்மா போன் செய்தால் நோட்டைப் பார்த்துச் சொல்ல முடியும். கடைசிக் குழந்தையும் போன பிறகு தரையைத் தேடிப் பார்க்கிறேன், கட்டிலுக்கடியில் புளியங்கொட்டை ஒன்றாவது கிடக்கும். அப்புறம் வாசல் பேசினையும் குளியலறை பக்கெட்டையும் போய்த் தொட்டுப் பார்த்து, கவிழ்ந்திருக்கிறதா என்று உறுதி செய்துகொண்டு, மறுநாள் கூழுக்கு மாவு கரைக்கப் போகிறேன்.